முள்ளா, கீறலா, வெறும் உருண்டையா? தொண்டையில் ஏதோ நிற்கிறது என்றால்

முள் நிறைந்த உல்லம் (ஹில்சா) மீன் தின்கிற ஊரில் தொண்டையில் முள் சிக்குவது புதிதல்ல. பர்மாவின் யாங்கோனிலும் மோல்மேனிலும் நம் தமிழர் வீடுகளில் அதற்குக் கைவைத்தியம் ஒன்றுதான்: "சோத்த உருட்டி மெல்லாம முழுங்கு, இறங்கிடும்." ஆனால் "தொண்டையில ஏதோ நிக்குது" என்று மருத்துவரிடம் போகும் எல்லாருக்கும் முள் காரணமில்லை. முள் நிஜமாகவே குத்தி நிற்கலாம். முள் இறங்கிப்போய் கீறல் மட்டும் மிஞ்சியிருக்கலாம். ஒன்றுமே இல்லாமல் உருண்டை ஒன்று அடைத்ததுபோல மாதக்கணக்கில் தோன்றலாம். மூன்றுக்கும் நோயாளி சொல்லும் வார்த்தை ஒன்றுதான், வைத்தியம் வேறு வேறு. இவற்றைப் பிரித்தறிய நல்ல கேள்விகளும் தொண்டையை நேரே பார்ப்பதும்தான் முதலில் வேண்டும். எக்ஸ்ரேக்கு அந்த இடத்தைக் கொடுக்கக் கூடாது என்பது என் கருத்து.

முள் சிக்கியவருக்கு நேரம் தெரியும். எந்தச் சாப்பாட்டில், எந்தக் கவளத்தில் என்றுகூடச் சொல்வார். எச்சில் விழுங்கும்போதெல்லாம் அதே இடத்தில் சுருக்கென்று குத்தும். பெரும்பாலும் வலப்பக்கமா இடப்பக்கமா என்று விரல் வைத்தே காட்டிவிடுவார். மீன் முள் அதிகம் மாட்டும் இடங்கள் டான்சில், நாக்கின் அடிப்பகுதி, அதற்குப் பின்னால் உள்ள பள்ளங்கள். டான்சிலில் இருந்தால் நல்ல வெளிச்சத்தில் நாக்கை அழுத்திப் பார்த்தாலே தெரியும், இடுக்கியால் அங்கேயே எடுத்துவிடலாம்.

கீறலும் இப்படித்தான் சட்டென்று தொடங்கும், இப்படித்தான் குத்தும். வித்தியாசம் அடுத்த நாளில் தெரியும். கீறலாக இருந்தால் ஓரிரு நாளில் வலி இறங்குமுகமாகும். முள்ளானால் அப்படியே நிற்கும், இல்லையென்றால் கூடும். இதை வீட்டிலிருந்தபடி உறுதியாகச் சொல்ல யாராலும் முடியாது. அதனால்தான் பார்த்துவிடுவது நல்லது என்கிறேன்.

சோற்று உருண்டை, வாழைப்பழம் இரண்டையும் நான் ஏற்கவில்லை. மேலே, கைக்கெட்டும் இடத்தில் இருந்த முள்ளை அவை உணவுக்குழாய்க்குள் தள்ளிவிடலாம். சதைக்குள் இன்னும் ஆழமாக அழுத்தவும் செய்யலாம். எலுமிச்சைச் சாறும் வினிகரும் முள்ளைக் கரைக்கும் என்பார்கள். பர்மியர் உல்லத்தை வினிகர் விட்டு முள்ளும் மெல்லும் பதத்துக்கு வேகவைப்பது உண்மைதான். ஆனால் அது மணிக்கணக்கில் அடுப்பில் கிடக்கிறது. தொண்டையில் ஊற்றும் ஒரு மிடறு ஒரு நொடியில் இறங்கிவிடுகிறது.

மூன்றாவது வகைக்கு வருகிறேன், அதிகம் சொல்ல வேண்டியது இங்கேதான் இருக்கிறது. இவருக்குத் தொடங்கிய நாள் நினைவிருக்காது. நடுத் தொண்டையில், குரல்வளை உயரத்தில், பந்துபோல ஏதோ நிற்கும். வலி இருக்காது. வெறும் எச்சில் விழுங்கினால் அதிகம் தெரியும்; சோறு சாப்பிடும்போது மறைந்துவிடும். முள்ளுக்கும் இதற்கும் உள்ள தெளிவான வேறுபாடு இந்தக் கடைசி அடையாளம்தான். மருத்துவத்தில் இதை குளோபஸ் என்கிறார்கள். 1707இலேயே ஜான் பர்செல் என்ற ஆங்கில மருத்துவர் இதை விரிவாக எழுதினார். நெடுங்காலம் 'ஹிஸ்டீரியா' என்ற மனநோய்ப் பட்டம் இதோடு ஒட்டிக்கொண்டிருந்தது. 1968இல் மால்கம்சன் என்ற மருத்துவர், இந்த நோயாளிகளில் பெரும்பாலோருக்கு அப்படி எதுவும் இல்லை என்று காட்டிப் பெயரையே மாற்றினார். இருந்தும் நம் அக்காமாரும் அம்மாமாரும் இன்றும் "எல்லாம் மனசுலதான்" என்று கேட்டுத் திரும்புகிறார்கள். கவலை இதைக் கூட்டும் என்பது சரி. ஆனால் உணவுக்குழாயின் மேல்வாய்த் தசை இறுகுவது, அமிலம் மேலேறுவது, மூக்குச்சளி பின்னால் வடிவது, தைராய்டு வீக்கம் எல்லாமே காரணமாகலாம். கழுத்தைத் தொட்டுப் பார்க்காமல் மனசைக் குறை சொல்வது நியாயமில்லை.

வயிற்று அமிலத்தைக் குறைக்கும் மாத்திரையைப் பற்றியும் சொல்ல வேண்டும். தொண்டை உறுத்தல் என்றதும் அதைத்தான் முதலில் எழுதுகிறார்கள். பிரிட்டனில் 346 பேரை வைத்துச் செய்து 2021இல் வெளியான ஆய்வில், 16 வாரம் லான்சொப்ரசோல் என்ற அந்த வகை மாத்திரை தின்றவர்களுக்கும் வெற்று மாத்திரை தின்றவர்களுக்கும் ஏறக்குறைய ஒரே அளவு முன்னேற்றம்தான். நெஞ்செரிச்சல் கூடவே இருந்தால் மாத்திரைக்கு நியாயம் உண்டு. தொண்டை உறுத்தல் மட்டும் என்றால் காசு வீண்.

இனி பரிசோதனைகள். எக்ஸ்ரே மலிவு, எங்கும் கிடைக்கும். மெல்லிய மீன் முள்ளை அது பல நேரம் காட்டாது. வயதானவர்களின் குரல்வளைக் குருத்தெலும்பு சுண்ணாம்பேறி முள்போலவும் தெரியும். படத்தில் ஒன்றுமில்லை என்பதால் தொண்டையில் ஒன்றுமில்லை என்று ஆகாது. மூக்கு வழியே விடும் ஸ்கோப் (மெல்லிய கேமராக் குழாய்) சில நிமிட வேலை, மயக்கமருந்து வேண்டாம், முள்ளையும் காட்டும், கட்டியையும் காட்டும். ஸ்கோப் இல்லாத சின்ன ஊரில் தலைவிளக்கும் தொண்டைக் கண்ணாடியும் போதும், பழகிய கையாக இருந்தால். ஸ்கோப்பில் காணவில்லை, ஆனால் குத்தல் நிற்கவில்லை என்றால் அடுத்தது சிடி ஸ்கேன். முள்ளைக் கண்டுபிடிப்பதில் எக்ஸ்ரே அதன் பக்கத்தில்கூட வராது. பேரியம் என்ற வெள்ளைக் கரைசலைக் குடித்து எடுக்கும் எக்ஸ்ரே படம் முள் சந்தேகத்தில் கூடாது. அந்த வெள்ளைப் பூச்சு பிறகு விடும் ஸ்கோப்பின் பார்வையை மறைத்துவிடும்.

எச்சில்கூட இறங்காமல் வழிந்தால், மூச்சு முட்டினால், நெஞ்சு வலியோ காய்ச்சலோ கழுத்து வீக்கமோ வந்தால் எதையும் தின்னாமல் குடிக்காமல் உடனே பெரிய ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும். உணவுக்குழாயில் நிற்கும் கூர்மையான பொருளை 2 மணி நேரத்துக்குள், மிஞ்சினால் 6 மணி நேரத்துக்குள் எடுக்கச் சொல்கிறது ஐரோப்பிய எண்டோஸ்கோப்பி சங்கத்தின் வழிகாட்டி.

இங்கே இன்னொன்றையும் கணக்கில் சேர்க்காமல் முடியாது: குன்யா. பர்மாவில் தெருவுக்குத் தெரு மடித்துத் தரும் அந்த வெற்றிலையை நம்மவரும் புகையிலையோடு மெல்லுகிறார்கள். புகையிலை சேர்க்காத வெற்றிலைப் பாக்கும் புற்றுநோய் உண்டாக்கும் என்று உலக சுகாதார அமைப்பின் புற்றுநோய் ஆய்வு முகமை 2003இல் அறிவித்தது. குன்யா மெல்லும் ஒருவர் தொண்டையில் ஒரு பக்கம் மட்டும் உறுத்துகிறது என்றால், அதோடு காது வலியோ, மூன்று வாரம் தாண்டிய குரல் கம்மலோ, கழுத்துக் கட்டியோ, சோறு இறங்கச் சிரமமோ, உடம்பு இளைப்போ இருந்தால், குளோபஸ் என்ற பேச்சுக்கே இடமில்லை. "ஒரு மாசம் மாத்திரை சாப்பிட்டுப் பார்ப்போம்" என்று யார் சொன்னாலும் கேட்காதீர்கள். அந்த வாரமே ஸ்கோப் பார்க்கச் சொல்லுங்கள். நாக்கின் அடிப்பகுதியையும் டான்சிலையும் விரலால் அழுத்திப் பார்க்கவும் கேளுங்கள், ஏனென்றால் சதைக்கு அடியில் இருக்கும் கட்டி கண்ணுக்குத் தெரியாமல் விரலுக்கு மட்டும் தட்டுப்படுவதுண்டு.