ஒத்தியா, மாத வாடகையா?

கணவன் மனைவி இரண்டு பேர் சம்பளமும் சேர்ந்து மாதம் 25,000, பள்ளிக்கூடம் போகிற பிள்ளைகள் இரண்டு. மதுரைப் பக்கம் இப்படி ஒரு குடும்பத்துக்கு வாடகை வீட்டைவிட ஒத்தி வீடுதான் தோது என்பேன். ஒத்தி என்றால் வீட்டுக்காரரிடம் மொத்தமாக ஒரு தொகையைக் கொடுத்துவிட்டு வாடகை இல்லாமல் குடியிருப்பது; கெடு முடிந்து காலி பண்ணும்போது அந்தப் பணம் திரும்ப வரும். ஆனால் ஒத்திப் பணத்தை எங்கே புரட்டுகிறோம் என்று முதலில் பார்க்க வேண்டும்.

7,000 வாடகை போகும் வீட்டை 5 லட்சத்துக்கு ஒத்தி பேசுவதாக வைத்துக்கொள்ளுங்கள் (தொகை தெருவுக்குத் தெரு மாறும்). கையில் 2 லட்சம், மீதி 3 லட்சத்துக்கு நகை அடகு. முக்கால் வட்டி (நூறு ரூபாய்க்கு மாதம் 75 பைசா) என்றால் மாதம் 2,250. கைப்பணம் வங்கியில் இருந்தால் வரக்கூடிய வட்டி சுமார் 1,150. ஆக 3,400. மாதம் 3,600 மிச்சம். அதை நகைக்கடனிலேயே கட்டினால் மூன்று வருஷத்தில் 1,29,600 அடையும். அதே 5 லட்சத்தை வெளியே இரண்டு வட்டிக்கு வாங்கினால் மாதம் 10,000 வட்டிக்கே போய்விடும். அதற்கு வாடகையே மேல்.

வேலைக்காக அடிக்கடி ஊர் மாறுகிறவர்களுக்கும் வாடகைதான் சரி. ஆனால் வருஷா வருஷம் ஏற்றுவார்கள், படிப்பு நடுவில் காலி பண்ணச் சொல்வார்கள்.

ஒத்தியில் பயமெல்லாம் ஒன்றுதான்: கொடுத்த பணம் திரும்பி வருமா? பணம் கைமாறும் முன் அசல் பத்திரத்தை வாங்கிப் பாருங்கள். ஜெராக்ஸை மட்டும் நீட்டினால் அசல் எங்கோ அடகில் இருக்கலாம். வில்லங்கச் சான்றை (சொத்தின் மேல் பதிவான விற்பனை, அடமானங்களைக் காட்டுவது) 30 வருஷத்துக்குப் போட்டுப் பார்ப்பது அவசியம்; ஆனால் பதிவு செய்யாமல் தனியாரிடம் பத்திரத்தை வைத்து வாங்கிய கடன் அதில் தெரியாது. வங்கியில் ஏற்கெனவே அடமானம் இருந்தால் அந்த வீட்டை விட்டுவிடுங்கள். கடன் நின்று வீடு ஏலத்துக்குப் போனால் முதல் உரிமை வங்கிக்கு, ஒத்திக்காரர் பின்னால்தான். அப்பா பெயரில் இருந்த வீடென்றால், அவர் காலமான பிறகு வாரிசுகள் எல்லோரும் கையெழுத்துப் போட வேண்டும். அண்ணன் மட்டும் போட்டுத் தந்தால் நாளைக்குத் தங்கச்சி வந்து நிற்பார்.

பெரும்பாலும் முத்திரைத்தாளில் எழுதி, பதியாமல் விட்டுவிடுகிறார்கள். செலவைப் பார்க்காமல் சுவாதீன அடமானமாக (வீட்டை உங்கள் வசம் ஒப்படைத்துச் செய்யும் அடமானம்) சார்பதிவாளர் அலுவலகத்தில் பதியுங்கள். பதிந்துவிட்டால் வீட்டை வேறொருவருக்கு விற்றாலும், பணம் வரும்வரை நீங்கள் குடியிருக்கலாம். பணத்தை வங்கிக் கணக்கு வழியாகவே கொடுங்கள்.

வீட்டுக்காரர் அநேகமாக அடுத்த ஒத்திக்காரரிடம் வாங்கித்தான் உங்களுக்குத் தருவார். அதனால் கெடு முடிய மூன்று மாதம் இருக்கும்போதே எழுத்தில் சொல்லிவிடுங்கள். “பாதி இப்போ, மீதி அடுத்த மாசம்” என்றால் ஒத்துக்கொள்ள வேண்டாம். முழுப் பணமும் கணக்கில் ஏறியதைப் பார்த்த பிறகு ரத்து ரசீதில் கையெழுத்து, அதற்கப்புறம் சாவி.