மூட்டு மாற்றிய பிறகு முட்டிச் சில்லு நழுவுகிறதா? சி.டி. ஸ்கேன் பார்க்காமல் மறுபடி கத்தி வைக்க விடாதீர்கள்

போன வருடம் பிப்ரவரியில் அம்மாவுக்கு வலது காலில் மூட்டு மாற்று ஆபரேஷன் நடந்தது. வயது 67. ஆஸ்பத்திரி பெயரைப் போடவில்லை, போடாதீர்கள் என்று எங்கள் வக்கீல் சொல்கிறார்.

மூன்றாவது வாரம் நாற்காலியிலிருந்து எழும்போது ‘டக்’ என்று சத்தம் கேட்டது. “உள்ள என்னமோ வழுக்குதுடா” என்றார். முட்டி மேல் உள்ளங்கையை வைத்துக்கொண்டு மெதுவாக மடக்கச் சொன்னேன். பாதி மடங்கியதுமே சில்லு என் கைக்கடியில் வெளிப்பக்கமாக ஓடியது. நீட்டியதும் திரும்ப வந்து விழுந்தது. ஈரக் கையில் சோப்புக்கட்டி நழுவுகிற மாதிரி.

டாக்டர் தொட்டுக்கூடப் பார்க்கவில்லை. “தொடைத் தசை வீக்கா இருக்கு, பிசியோ பண்ணுங்க.” அதே ஆஸ்பத்திரியில் ஒரு தடவைக்கு 600 ரூபாய், நான்கு மாதம் போனோம். முன்பக்கமும் பக்கவாட்டிலும் எக்ஸ்ரே எடுத்துவிட்டு எல்லாம் சரியாக இருக்கிறது என்றார்கள். முட்டியை மடக்கி வைத்து, சில்லு பள்ளத்தில்தான் உட்கார்ந்திருக்கிறதா என்று பார்க்க ‘ஸ்கைலைன்’ எக்ஸ்ரே என்று தனியாக ஒன்று இருப்பது எனக்கு அப்போது தெரியாது. அவருக்குத் தெரியாமலா இருக்கும்?

ஜூலையில் பேச்சு மாறியது. வெளிப்பக்கத்து நார் இறுகிவிட்டதாம், அதை வெட்டித் தளர்த்தினால் சில்லு நேராக ஓடுமாம். சின்ன ஆபரேஷன், 95,000 ரூபாய். சரி என்று தலையாட்டினேன், அது என் தப்பு. ஆறே வாரத்தில் பழைய ‘டக்’ வந்துவிட்டது.

வேறு ஊரில் பார்த்த டாக்டர் முதல் நாளே ஸ்கைலைன் எக்ஸ்ரேயும் சி.டி. ஸ்கேனும் எடுக்கச் சொன்னார். தொடை எலும்பில் மாட்டிய உலோகப் பாகத்தையும் கீழ்க்கால் எலும்பில் மாட்டியதையும் உள்பக்கமாகத் திருப்பிப் பொருத்தியிருக்கிறார்கள், இரண்டும் சேர்த்து 9 டிகிரி. அதனால் சில்லு ஓட வேண்டிய பள்ளமே உள்ளே தள்ளிப்போய், சில்லு வெளியே நழுவுகிறது. தன் மேஜை டிராயரை இழுத்துக் காட்டி, “கம்பி கோணலா இருந்தா டிராயரை இழைச்சு என்ன பிரயோஜனம்?” என்றார். நாரைத் தளர்த்துவதே தவறு என்று அவர் சொல்லவில்லை. பாகங்கள் சரியாகப் பொருந்தியிருந்தால் அதைச் செய்யலாம், உள்பக்கத்தை இறுக்கலாம், சில்லிலிருந்து இறங்கும் நார் ஒட்டியிருக்கும் கீழ்க்கால் எலும்பு மேட்டை நகர்த்தியும் வைக்கலாம். ஆனால் முதலில் திருப்பத்தை அளக்க வேண்டும். அம்மாவுக்கு எல்லாவற்றையும் கழற்றி மாற்றுவதுதான் வழி.

கழற்றுவதற்கு முன் உள்ளே இருப்பது எந்த கம்பெனி, என்ன சைஸ் என்று தெரிய வேண்டும். டிஸ்சார்ஜ் சம்மரியில் ‘டி.கே.ஆர். வலது’, அதாவது வலது முழங்கால் மூட்டு மாற்று, என்பதோடு சரி. உள்ளே மாட்டிய பாகத்தின் (இம்ப்ளான்ட்) கம்பெனி, சைஸ் போட்ட ஸ்டிக்கர் இல்லை. நோயாளி கேட்டால் 72 மணி நேரத்தில் மருத்துவ ஆவணங்களைக் கொடுக்க வேண்டும் என்று இந்திய மருத்துவக் கவுன்சிலின் 2002 விதிமுறை சொல்கிறது. எங்களுக்கு 19 நாள் ஆனது, அதுவும் எழுத்தில் கேட்ட பிறகு.

பில்லிலும் ‘பேக்கேஜ்’ என்று ஒரே வரி. 2017 ஆகஸ்டில் மத்திய அரசு முழங்கால் இம்ப்ளான்ட்களுக்கு உச்ச விலை வைத்தது. ஜி.எஸ்.டி. நீங்கலாக, அப்போது சாதாரண கோபால்ட்-குரோமியம் வகைக்கு 54,720 ரூபாய், பழையதைக் கழற்றி மாற்றும் ஆபரேஷனுக்கானதற்கு 1,13,950. இம்ப்ளான்ட் விலையைத் தனியாகப் போட்டுக் கேளுங்கள், ஸ்டிக்கரை அன்றைக்கே போட்டோ எடுத்துக்கொள்ளுங்கள்.

நவம்பரில் மாற்றினோம். அம்மா இப்போது படி இறங்குகிறார், ஆனால் கைப்பிடியை விடுவதில்லை. அந்த 95,000 ரூபாயைப் பற்றி எழுதிய கடிதத்துக்கு, “நோயாளி சம்மதக் கையெழுத்து போட்டிருக்கிறார்” என்று ஒரு வரி பதில் வந்திருக்கிறது.