‘எரிமலை மழைக்காடு’ ஒருநாள் சுற்றுலா: பணம் கட்டுமுன் வாசியுங்கள்

ஹட்டன், தலவாக்கலைப் பகுதி வாட்ஸ்அப் குழுக்களில் ‘எரிமலை அடிவார மழைக்காடும் வெந்நீரூற்றும், ஒரே நாளில்’ என்ற விளம்பரம் மறுபடியும் உலவுகிறது. அதே ஏற்பாட்டாளரிடம் பணம் கட்டிச் சென்று ஏமாற்றப்பட்ட குழுவில் நானும் ஒருவன் என்பதால் இதை எழுதுகிறேன்.

விளம்பரத்தில் உள்ள கூம்பு வடிவ மலை கொஸ்தாரிக்காவின் அரெனல் எரிமலை. 1968 இல் வெடித்து 2010 வரை குமுறிக்கொண்டிருந்த அம்மலையடியில் வெந்நீரூற்றுகளும் மழைக்காடும் இருப்பது உண்மைதான். ஆனால் இலங்கையில் எரிமலையே கிடையாது. நமது வெந்நீரூற்றுகள், பாறை வெடிப்புகளின் வழியே ஆழத்துக்கு இறங்கிய மழைநீர் பூமியின் உட்சூட்டால் சூடேறி மேலெழுவதால் உண்டானவை. இதைச் சொன்னபோது, “அது சும்மா படந்தானே அண்ணே, நேர்ல பார்த்தா இன்னும் நல்லா இருக்கும்” என்று ஏற்பாட்டாளர் சிரித்துச் சமாளித்தார். படத்தையாவது மன்னித்துவிடலாம். பயணத்திட்டத்தை மன்னிக்க இயலாது.

நுவரெலியா, வெலிமடை, பதுளை, மஹியங்கனை வழியாக மகாஓயா வெந்நீர்க் கிணறுகளுக்குச் செல்வது, திரும்பும்போது பதினெட்டு வளைவுப் பாதையில் ஏறி ஹுன்னஸ்கிரியவிலிருந்து நக்கிள்ஸ் காட்டுக்குள் நடப்பது என்பதே திட்டம். ஆளுக்கு 6,500 ரூபாய். சாப்பாடு, நுழைவுச்சீட்டு, வழிகாட்டி எல்லாம் அதனுள் அடங்கும் என்றார்கள். மலைப்பாதை தெரிந்த எந்தச் சாரதியும் இதை ஒரு பகலில் முடிக்கலாம் என்று சொல்லமாட்டார். எங்கள் சாரதிக்கோ, நக்கிள்ஸ் போக வேண்டும் என்பதே பதுளையில் தேநீர் குடிக்கும்போதுதான் தெரியவந்தது.

பஸ்ஸில் ஆசனங்களைவிட அதிகமானோரிடம் பணம் வாங்கியிருந்ததால், நடைவழியில் பிளாஸ்டிக் முக்காலிகளைப் போட்டு உட்காரவைத்தார்கள். வெலிமடை வளைவுகளில் அவை வழுக்கி, பிள்ளைகள் ஒருவர்மீது ஒருவர் சரிந்தார்கள். மகாஓயாவில் நுழைவுச்சீட்டுக்கு மறுபடியும் காசு கேட்டார்கள். நீந்திக் குளிக்கும் தடாகத்தை விளம்பரத்தில் காட்டியிருந்தார்கள். அங்கு இருப்பவையோ வாளியால் அள்ளி ஊற்றிக்கொள்ளும் சிறு கிணறுகள். வாளி கொண்டுவரும்படி எவரும் சொல்லவில்லை. சூடு மிகுந்த கிணற்றில் விரல் நனைத்த ஒரு பெரியம்மா, “தேத்தண்ணியே ஊத்தலாம் போல இருக்கே” என்று கையை உதறினார். அன்றைக்கு நாங்கள் சிரித்தது அப்போது மட்டுந்தான்.

ஹுன்னஸ்கிரியவைச் சேரும்போது இருட்டிவிட்டது. வழிகாட்டியும் இல்லை, வனத் திணைக்களத்தின் அனுமதிச்சீட்டும் இல்லை. 2010 இல் உலக மரபுரிமையாக அறிவிக்கப்பட்ட மத்திய மலைநாட்டின் ஒரு பகுதியான நக்கிள்ஸை, வீதியோரம் பஸ்ஸை நிறுத்தி, கைபேசி வெளிச்சத்தில் நான்கு மரங்களைக் காட்டி முடித்துவிட்டார்கள்.

மறுநாள் பணத்தைத் திருப்பிக் கேட்டோம். பணம் முழுவதும் பஸ் உரிமையாளரிடம் போய்விட்டதாக ஏற்பாட்டாளர் பதில் அனுப்பினார். பஸ் உரிமையாளரோ, மகாஓயா வரைக்குமான வாடகையே தமக்குப் பேசப்பட்டது என்றார். அதைக் குழுவில் எழுதியவர்கள் அனைவரும் உடனே நீக்கப்பட்டார்கள்.

பணம் கட்டுமுன், சுற்றுலா அபிவிருத்தி அதிகார சபையில் பதிவு உள்ளதா என்று கேளுங்கள். ஒவ்வோர் இடத்தையும் அடையும் நேரத்தையும், கட்டணத்தில் அடங்குபவற்றையும் எழுத்தில் வாங்கிக்கொண்டு, சாரதியிடமும் ஒரு வார்த்தை பேசிவிடுங்கள். ஏற்கெனவே கட்டியவர்கள் வங்கி வைப்புச்சீட்டையும் விளம்பரத்தின் பிரதியையும் அழிக்காமல் வைத்திருங்கள். நுகர்வோர் அலுவல்கள் அதிகார சபையின் 1977 என்ற இலக்கத்தில் முறையிடும்போது அவை தேவைப்படும்.