பிபி மெஷின் வாங்கும் முன் கையை அளந்து பாருங்கள்

மதுரையில் நான் தையல்காரன். மீனாட்சி அம்மன் கோயிலுக்கு எதிரே இருக்கும் புதுமண்டபத்துத் தூண்களுக்கு நடுவே அப்பாவோடு உட்கார்ந்து தொழில் பழகியவன். இப்போது கடை குன்னத்தூர் சத்திரத்தில் இருக்கிறது. வயது 58.

2024 ஆடியில் மச்சினன் ஊருக்குப் போயிருந்தபோது எனக்கு மாரடைப்பு வந்தது. அங்கே ஆரம்ப சுகாதார நிலையத்தில் ‘இதயம் காப்போம்’ திட்டத்தில் வைத்திருக்கும் 14 மாத்திரைகளையும் (ஆஸ்பிரின் 2, குளோபிடோக்ரல் 4, அட்டோர்வாஸ்டாடின் 8) உடனே விழுங்க வைத்து, 108ல் ஏற்றி அனுப்பினார்கள். மதுரையில் ஆன்ஜியோ செய்து ஒரு ஸ்டென்ட் வைத்தார்கள். வீட்டுக்கு அனுப்பும்போது டாக்டர் சொன்னது மூன்று: மாத்திரையை நீங்களாக நிறுத்தக் கூடாது, தினமும் நடக்க வேண்டும், வீட்டில் பிபி பார்த்து எழுதிக்கொண்டு வர வேண்டும். முதல் இரண்டில் சிரமம் இல்லை. மூன்றாவதில்தான் பட்டுத் தெரிந்துகொண்டேன்.

ஆஸ்பத்திரியிலிருந்து வந்த மறுநாளே ஒரு மருந்துக்கடையில் மெஷின் வாங்கினோம். கடைக்காரர் அலமாரியிலிருந்து ஒன்றை எடுத்தார், பில் போட்டார், அவ்வளவுதான். கையைப் பார்க்கவும் இல்லை, எதுவும் கேட்கவும் இல்லை. அந்த மெஷினில் தினமும் 144, 148, ஒரு நாள் 152. டாக்டர் எனக்கு வைத்த இலக்கு 130க்குக் கீழே. இருபது நிமிடத்துக்கு ஒருமுறை கையை நீட்டிப் பார்த்துக்கொண்டே இருந்தேன். பார்க்கப் பார்க்க ஏறியது. ராத்திரி தூக்கம் போயிற்று. “என்னங்க, அதைக் கொஞ்சம் மூடி வைங்க” என்று என் மனைவி அழுதாள்.

மறு பரிசோதனைக்குப் போனபோது நோட்டைப் பார்த்த டாக்டர், ராமிப்ரில் என்ற பிபி மாத்திரையின் அளவைக் கூட்டலாமா என்று யோசித்தார். அங்கே அவர் பார்த்தால் 134தான் காட்டியது. “எதற்கும் அடுத்த தடவை உங்க மெஷினையும் எடுத்துட்டு வாங்க” என்றார். கொண்டுபோனேன். நர்ஸம்மா மெஷினின் பட்டையைக் கையில் சுற்றும்போது ஒட்டும் பகுதி நுனியில் மட்டும்தான் பிடித்தது. காற்று ஏறியதும் படபடவென்று பிரிய வந்தது. “அண்ணே, இது உங்க கைக்குச் சின்னது” என்றார்.

கடைக்கு வந்து பட்டையை விரித்துப் பார்த்தேன். ஓரத்தில் பொடி எழுத்தில் 22–32 செ.மீ. என்று அச்சடித்திருந்தது. கழுத்தில் கிடந்த டேப்பை எடுத்து என் கையைச் சுற்றினேன். பதிமூன்றரை அங்குலம், அதாவது 34 செ.மீ. நாற்பது வருஷமாக ஊரார் கையையெல்லாம் அளந்திருக்கிறேன். என் கையை அளக்கத் தோன்றவில்லையே என்று மனசு கஷ்டப்பட்டது. பட்டை சிறிதாக இருந்தால் பிபி உள்ளதைவிடக் கூடுதலாகக் காட்டும். 2023ல் அமெரிக்காவின் ஜான்ஸ் ஹாப்கின்ஸ் பல்கலைக்கழகத்தார் இதைச் சோதித்துப் பார்த்திருக்கிறார்கள். பெரிய பட்டை தேவைப்படுகிறவருக்குச் சாதாரணப் பட்டை போட்டால் மேல் அளவு சராசரியாக 5 புள்ளி ஏறுகிறது. மிகப் பெரிய பட்டை தேவைப்படுகிறவருக்கோ ஏறத்தாழ 20. அந்தத் தப்பான எண்ணை நம்பி மாத்திரையைக் கூட்டியிருந்தால் தலைசுற்றி எங்காவது விழுந்திருப்பேன்.

இப்போது நான் வைத்திருப்பது ஓம்ரான் கம்பெனியில் 22–42 செ.மீ. பட்டையோடு வரும் மாடல். விலை முதல் மெஷினைவிடக் கூடுதல்தான், ஆனால் கொடுத்த காசு வீண் இல்லை. பட்டை கொஞ்சம் விறைப்பாக, வளைத்த தகடு மாதிரி இருப்பதால் மற்றவர் துணையின்றி நானே ஒரு கையால் போட்டுக்கொள்ள முடிகிறது. எண்கள் பெரிதாகத் தெரிகின்றன, கண்ணாடி தேடத் தேவையில்லை. பழைய அளவுகளைச் சேமித்து வைக்கிறது. வாங்கியதும் டாக்டரிடம் கொண்டுபோய் அவருடைய கருவியோடு ஒத்துப் பார்த்தேன். இரண்டு மூன்று புள்ளிதான் வித்தியாசம். குறை என்றால், கரண்டில் போட அடாப்டரைத் தனியாக வாங்க வேண்டும். பேட்டரி இறங்கியிருந்தால் பாதியில் நின்றுவிடுகிறது, அப்புறம் முதலிலிருந்து ஆரம்பிக்க வேண்டும்.

நல்ல மெஷின் இருந்தாலும் பார்க்கும் விதத்தில் பார்த்தால்தான் சரியான எண் வரும். காலையில் எழுந்து, ஒன்றுக்குப் போய்விட்டு, காபிக்கும் மாத்திரைக்கும் முன்னால் உட்காருகிறேன். முதுகு சாய்ந்திருக்க வேண்டும், பாதம் இரண்டும் தரையில் படிய வேண்டும், கால் மேல் கால் கூடாது. ஐந்து நிமிடம் சும்மா இருந்த பிறகுதான் பொத்தானை அமுக்குகிறேன். அந்த நேரம் பேசவும் கூடாது. கை நெஞ்சு உயரத்துக்கு வர வேண்டும். என் தையல் மேசை அதற்குக் கொஞ்சம் தாழ்வு. அதனால் வெட்டுத்துணியை நான்காக மடித்து முழங்கைக்கு அடியில் கொடுக்கிறேன். சட்டைக் கையைச் சுருட்டி மேலே ஏற்றினால் அதுவே கயிறு மாதிரி இறுக்கிப் பிடிக்கும், அளவு கெடும். இதற்கென்றே கை வாயை ஓர் அங்குலம் அகலமாக வைத்து இரண்டு அரைக்கைச் சட்டை தைத்துக்கொண்டேன். ஒரு நிமிடம் விட்டு இரண்டாவது முறை பார்த்து, இரண்டையும் எழுதுவேன். சாயங்காலமும் அதே மாதிரி. அதற்கு மேல் தொடுவதில்லை. டாக்டர் கண்டிப்பாகச் சொல்லிவிட்டார்.

எழுதுவது அளவு நோட்டில்தான். முன்பக்கம் ஜாக்கெட் அளவு, பின்பக்கம் என் பிபி. ஒரு கல்யாண வீட்டில் ஊறுகாயும் அப்பளமும் ஒரு கை பார்த்த மறுநாள் 141 என்று இருக்கிறது. நாளுக்கு உப்பு 5 கிராமுக்குக் கீழே, அதாவது ஒரு டீஸ்பூனுக்கும் குறைவாக, என்று படித்தபோது பெரிதாகத் தோன்றவில்லை. என் கையால் எழுதிய அந்த 141 உறைத்தது. சோடியம் குறைந்த உப்பு என்று கடையில் விற்பதை வாங்கப் போனேன். அதில் பொட்டாசியம் இருக்கிறது, ராமிப்ரில் சாப்பிடுகிறவர்கள் கேட்காமல் போடக் கூடாது என்று டாக்டர் தடுத்துவிட்டார். நீங்களும் கேட்டுக்கொள்ளுங்கள்.

மெஷின் நாடித்துடிப்பும் காட்டும். ஒரு நாள் 56 என்று வரவும் பயந்துபோனேன். நீங்கள் சாப்பிடும் மெட்டோப்ரோலால் மாத்திரையால் துடிப்பு குறையத்தான் செய்யும், 50க்குக் கீழே போனாலோ தலை சுற்றினாலோ உடனே வாருங்கள் என்றார் டாக்டர்.

இதை மட்டும் நிதானமாகப் படியுங்கள். போன தீபாவளிக்கு முந்தின வாரம் வேலை நெருக்கடி. ராத்திரி ஒன்பது மணிக்கு இடது தோளில் ஒரு பாரம். மெஷினைப் போட்டேன். 128க்கு 80. “பாரு, நல்லாத்தான் இருக்கு” என்று மனைவியிடம் காட்டிவிட்டுக் கத்தரியைக் கையில் எடுத்தேன். அவள் கத்தரியைப் பிடுங்கி வைத்தாள். “போன தடவை மட்டும் மெஷினைக் கேட்டா வந்துச்சு? கிளம்புங்க” என்றாள். போனோம். இசிஜி எடுத்து, ரத்தம் பார்த்து, சில மணி நேரம் வைத்திருந்து, பயப்பட ஒன்றுமில்லை என்று அனுப்பினார்கள். ஆனால் அங்கிருந்த டாக்டர் சொன்னார்: மாரடைப்பு வந்துகொண்டிருக்கும்போதே பிபி சரியான அளவில் இருக்கலாம். நெஞ்சில் பாரம், கைக்கோ தாடைக்கோ பரவும் வலி, வியர்வை, மூச்சுத்திணறல் என்று வந்தால் மெஷினைத் தேட வேண்டாம், 108ஐக் கூப்பிடுங்கள். அளவு 180க்கு 120 என்பதையும் தாண்டிப் போய், கூடவே இந்தத் தொந்தரவும் இருந்தாலும் அதேதான்.

பழைய மெஷினைத் தூக்கிப் போடவில்லை. அதில் பழுது ஒன்றும் கிடையாது, என் கைக்குப் பொருந்தவில்லை, அவ்வளவுதான். என் மனைவியின் ஜாக்கெட் அளவில் கை சுற்று 11 அங்குலம், 28 செ.மீ. அவளுக்கு அது சரியான பட்டை. அவளுக்கும் பிபி உண்டு. இப்போது காலையில் ஆளுக்கொரு மெஷினோடு உட்காருகிறோம்.

நீங்கள் வாங்கப் போவதானால் முதலில் கையைத் தளரத் தொங்கவிட்டு, தோள் எலும்புக்கும் முழங்கைக்கும் நடுவில் கை சுற்றளவை டேப்பால் அளந்து, துண்டுச் சீட்டில் செ.மீ. கணக்கில் எழுதிக்கொண்டு போங்கள். பெட்டியில் போட்டிருக்கும் அளவோடு ஒப்பிட்டுப் பார்த்து வாங்குங்கள். டேப் இல்லாதவர்கள் என் கடைக்கு வாருங்கள். போன வாரம் ஜாக்கெட் தைக்கக் கொடுக்க வந்த ஓர் அம்மாவுக்கும் அளந்து சொன்னேன். 37 செ.மீ. வீட்டில் இருக்கும் பட்டையைப் பார்த்துவிட்டு வருகிறேன் என்று போயிருக்கிறார்.