மேலே தூக்கும் ஜன்னல்களும் புகைந்த கணப்பும்

எங்கள் பங்களாவைச் சீரமைத்துக் கொடுத்த குழுவுக்கு முன் அதைப் பார்க்க வந்த இருவரும் ஐந்தே நிமிடத்தில் முடிவு சொல்லிவிட்டார்கள். மர ஜன்னல்களைப் பிடுங்கிவிட்டு யுபிவிசி பிளாஸ்டிக் ஜன்னல் மாட்டலாம், கூடத்துச் சுவரில் தீ மூட்டும் கணப்பை அடைத்துவிடலாம், அவ்வளவுதான். மூன்றாவதாக வந்தது இந்தச் சீரமைப்புக் குழு. அதன் தச்சர் ஒன்றும் சொல்லாமல் ஸ்க்ரூடிரைவரை எடுத்து ஒவ்வொரு சட்டத்தையும் குத்திப் பார்த்துக்கொண்டே போனார். அதற்கே அரை நாள் ஆயிற்று. 11 ஜன்னல்களில் 4 மட்டும்தான் உளுத்திருந்தன, அதுவும் மழைநீர் தங்கும் அடிக்கட்டையில். கெட்ட பாகத்தை மட்டும் அறுத்தெடுத்து, அதே ஜாதி மரத்தில் ஒட்டுக் கொடுத்தார்கள். ரேகை ஓட்டம்கூடப் பொருந்துகிறது.

எங்கள் வீட்டு ஜன்னல்கள் மேலும் கீழும் நகர்பவை. பல வருடங்களாக ஒன்றுகூட அசையவில்லை. மரம் உப்பிவிட்டது என்று நினைத்திருந்தேன். தச்சர் நிலையின் பக்கவாட்டில் பெயிண்ட்டுக்கு அடியில் மறைந்திருந்த ஒரு சின்ன மூடியைக் கத்தி முனையால் நெம்பித் திறந்தார். உள்ளே கயிறு அறுந்து, சட்டத்துக்கு ஈடாகத் தொங்க வேண்டிய வார்ப்பிரும்பு எடைக்கட்டி ஒன்று அடியில் கிடந்தது. கண்ணாடிச் சட்டத்தைத் தராசில் வைத்து எடை பார்த்தார். எடைக்கட்டி மேல் சட்டத்தைவிடக் கொஞ்சம் கூடுதலாகவும் கீழ்ச் சட்டத்தைவிடக் கொஞ்சம் குறைவாகவும் இருக்க வேண்டுமாம். அப்போதுதான் இரண்டும் மூடிய நிலையில் நிற்கும். புதுப் பருத்திக் கயிறு கட்டி, கப்பிக்கு எண்ணெய் விட்டதும், ஒரு விரலால் தூக்கினேன். விட்ட இடத்தில் நின்றது. அன்று மாலை முழுக்க ஒவ்வொரு ஜன்னலாகத் திறந்து திறந்து மூடினேன்.

பழைய பெயிண்ட்டில் ஈயம் இருக்கிறதா என்று முதலிலேயே சோதித்தார்கள். இருந்தது. அதனால் உலர்வாக உப்புத்தாள் போடாமல், தண்ணீர் தெளித்து ஈரமாகவே சுரண்டி, விழுந்ததை எல்லாம் விரிப்போடு சுருட்டி எடுத்தார்கள். குழந்தைகள் இருக்கும் வீட்டில் இது எனக்குப் பெரிய நிம்மதி.

குறை என்றால், கடைசி இரண்டு ஜன்னல்களில் அவசரப்பட்டுவிட்டார்கள். கண்ணாடியைச் சட்டத்தில் பதிக்கும் ஆளிவிதை எண்ணெய் மக்கு மேலே தோல் பிடிக்க ஒன்றிரண்டு வாரமாவது ஆகும். மூன்றாம் நாளே அடித்ததால் பெயிண்ட் சுருங்கிவிட்டது. சொன்னதும் வந்து சுரண்டி மறுபடி செய்தார்கள், ஆனால் சொல்ல வேண்டியிருந்தது. அப்புறம், 6 வாரம் என்ற வேலைக்கு 10 வாரம் ஆனது.

கணப்பு வேலைதான் என்னை மிகவும் கவர்ந்தது. முன்பு யாரோ உள்சுவரைச் சதுரமாக்கி சிமென்ட் பூசியிருந்தார்கள். சூட்டில் அது பாளம் பாளமாக வெடித்திருந்தது, தீ மூட்டினால் புகை கூடத்துக்குள்தான் வரும். கொத்தனார் அதைப் பெயர்த்தபோது பின்னாலிருந்து பழைய செங்கல் சுவர்கள் வெளிப்பட்டன. பக்கச் சுவர்கள் வெளிப்புறமாக விரிந்து சாய்ந்திருந்தன. கணப்புகளை ஆராய்ந்த விஞ்ஞானி ரம்ஃபோர்டு பிரபு 1796இல் எழுதி வைத்த முறை இதுதான் என்றார்: ஆழம் குறைவு, சாய்ந்த பக்கங்கள், புகைபோக்கி தொடங்கும் இடத்தில் குறுகிய கழுத்து. வெப்பம் அறைக்குத் திரும்பும், புகை மேலே போகும். பழுதான இடங்களில் சூடு தாங்கும் தீச்செங்கல்லைத் தீக்களிமண் சாந்தில் வைத்துக் கட்டினார்.

தீ மூட்டும் முன் புகைச் சோதனை. புகைபோக்கியின் உச்சியை அடைத்துவிட்டுக் கீழே புகை போட்டார்கள். மாடிப் படுக்கையறைச் சுவரில் அலமாரிக்குப் பின்னாலிருந்து மெல்லிய கோடாகப் புகை கசிந்தது. எனக்குக் கை நடுங்கிவிட்டது. கார்பன் மோனாக்சைடுக்கு வாசனை கிடையாது, நாங்கள் தூங்கும் அறை அது. புகைபோக்கிக்குள் துருப்பிடிக்காத எஃகுக் குழாய் இறக்கி, மறுபடி சோதித்துக் காட்டிய பிறகுதான் கணப்பை ஒப்படைத்தார்கள். சாந்து காய முதல் சில நாள் சுள்ளி மட்டும் எரிக்கச் சொன்னார்கள், அப்படியே செய்தோம். கூடத்தில் இப்போது புகை வாடையே இல்லை.

மாடியில் இன்னொரு கணப்பு அடைத்தபடியே இருக்கிறது. அதற்கும் இவர்களிடமே சொல்லி வைத்திருக்கிறேன், இந்த முறை மக்கு காயும் நாட்களையும் கணக்கில் எழுதி வாங்கிக்கொண்டு.