கல்யாணத்துக்கு ஹெலிகேம் (ட்ரோன் கேமரா) பேசப் போகிறீர்களா? 38,000 ரூபாய் கொடுத்து முகூர்த்தத்தைக் கெடுத்துக்கொண்டோம்

தங்கை கல்யாணம் முடிந்து இன்றைக்குப் பன்னிரண்டாவது நாள். ஒரு நிமிட வீடியோ கூட கைக்கு வரவில்லை. வீடியோக்காரனுக்குக் காலையில் மறுபடி போன் பண்ணினேன், எடுக்காமலே கட் பண்ணிவிட்டான். அந்த ஆத்திரம் அடங்குவதற்குள் எழுதிவிடுகிறேன். வீட்டில் கல்யாணம் வைத்திருப்பவர்கள் முழுதாகப் படியுங்கள். ஆள் பேசும்போது என்னென்ன கேட்க வேண்டும் என்று கடைசியில் சொல்கிறேன்.

நாங்கள் லால்குடி. மண்டபம் திருச்சி புதுக்கோட்டை ரோட்டில், ஏர்போர்ட்டிலிருந்து மூன்று கிலோமீட்டர் கூட இருக்காது. முகூர்த்தம் மட்டும் வெளியே புல்வெளியில், மேலே மூடாமல் பூச்சரம் கட்டிய மணவறையில். தங்கை அப்படித்தான் வேண்டும் என்றாள். போட்டோவுக்குத் தெரிந்த பையன் இருந்தான். வீடியோவுக்கும் ஹெலிகேமுக்கும் சேர்த்து, கல்யாண வேலைக்கு ஆள் பிடித்துக் கொடுக்கும் ஆப் ஒன்றில் தேடினேன். ஐந்து நட்சத்திரத்தோடு ஒருவன் கிடைத்தான்.

அப்பாவுக்கு ஹெலிகேமில் விருப்பமே இல்லை. மூன்று ஊர் அலைந்து நாதஸ்வர செட் பிடித்தவர் அவர். "மேளத்துக்கு மேல அது கொய்ங்னு கத்திக்கிட்டு நிக்கும், வேண்டாம்டா" என்றார். நான்தான் பேசிப் பேசிச் சம்மதிக்க வைத்தேன்.

ஆப்பில் கிடைத்தவன் எங்கள் வீட்டுக்கே வந்தான். டிபன் பாக்ஸ் அளவு பையிலிருந்து ஒரு குட்டி ட்ரோனை எடுத்து, அம்மாவிடம் சமையலறைத் தராசு கேட்டு வாங்கி அதன்மேல் வைத்தான். 249 என்று காட்டியது. "பாருங்கண்ணே, 250 கிராமுக்குள்ள. நானோ வகை. 2021 ட்ரோன் விதிப்படி இதை ஓட்ட பைலட் சர்டிபிகேட்டே வேண்டாம்." அது உண்மைதான். அதுதான் என்னைக் கவிழ்த்தது. மாடிக்குப் போய்ப் பறக்கவிட்டான். தலைக்கு மேலே இருந்தபோது கொசுக்கூட்டம் மாதிரி இரைந்தது. அறுபது அடி மேலே போனதும் தெருவில் போன பஸ் சத்தத்தில் கரைந்துவிட்டது. அப்புறம் அப்பா பக்கம் திரும்பி, "ஐயா, தாலி கட்டற நேரத்துல மணவறை பக்கமே வராது. தள்ளி நின்னு ஜூம் பண்ணிக்குவேன். ஐயர் தலை நிமிர்ந்து பார்க்க மாட்டார்" என்றான். வேண்டாம் என்ற அப்பாவே எழுந்து போய் அவனுக்குக் காபி கொண்டுவந்தார்.

41,000 சொன்னான். ஆப்பில் கட்டினால் கமிஷன் போய்விடும், நேராக அனுப்பினால் மூவாயிரம் குறைத்துக்கொள்கிறேன் என்றான். சரி என்று அன்றைக்கே 15,000 அனுப்பினேன். கல்யாணத்துக்கு முதல் நாள் ராத்திரி போன் பண்ணி, பாக்கி வராமல் டீம் கிளம்பாது என்றதும் 23,000. ஆக 38,000 ரூபாய்.

காலையில் அவன் வரவில்லை. இரண்டு சின்னப் பையன்கள் வந்தார்கள். "அண்ணன் வேற பங்ஷன்ல இருக்காங்க." பையைத் திறந்தால் அந்தக் குட்டி ட்ரோன் இல்லை. கையால் சேர்த்துக் கட்டிய பெரிய ஒன்று, ஒயர் வெளியே தெரிகிறது, பேட்டரியை டேப் போட்டு ஒட்டியிருக்கிறார்கள். கேட்டதற்கு, "இதுல அவுட்புட் இன்னும் நல்லா வரும்ணே." மாப்பிள்ளை வீட்டார் வாசலில் வந்து நின்றார்கள். நான் போய்விட்டேன். அங்கேயே நிறுத்தியிருக்க வேண்டும்.

முகூர்த்த நேரம். ஐயர் தாலியைத் தட்டில் வைத்து எல்லோரிடமும் தொட்டு வாங்கிவரச் சொல்லி, அது திரும்பி வந்துவிட்டது. மாப்பிள்ளை தாலியைக் கையில் எடுக்கிறார். நாதஸ்வரக்காரர் கெட்டிமேளத்துக்காக ஐயரின் விரலையே பார்த்துக்கொண்டிருக்கிறார். அந்த நேரத்தில் அந்தச் சனியன் பிடித்தது மணவறைக்கு மேலே பத்தடிக்கு இறங்கி வந்தது. சத்தத்தில் மந்திரம் கேட்கவில்லை. காற்று அடித்த வேகத்தில் ஹோம குண்டத்துச் சாம்பல் எழும்பித் தங்கையின் முகத்தில் அப்பியது. குத்துவிளக்கில் ஐந்து திரியும் ஒரே மூச்சில் அணைந்தன. சித்தி முந்தானையை விரித்து மறைக்க ஓடினாள், அதற்குள் முடிந்துவிட்டது. தாலி கழுத்தில் ஏறும்போது தங்கை கண்ணைத் திறக்க முடியாமல் கசக்கிக்கொண்டிருந்தாள். இமையில் அட்சதை அரிசி ஒன்று சாம்பலோடு ஒட்டியிருந்தது. நான் துடைத்துவிட்டேன்.

"மேல ஏத்துடா" என்று கத்தினேன். ஓட்டிய பையன் திரையைப் பார்த்தபடி பின்னால் இழுத்தான். இறக்கையில் பூச்சரம் சுற்றிக்கொண்டது. ட்ரோன் சாய்ந்து சீர்வரிசைத் தட்டுகள் மேல் விழுந்தது. ஓரடி தள்ளி அத்தை பேரன் உட்கார்ந்திருந்தான். நாலு வயது. இதை எழுதும்போதும் கை நடுங்குகிறது.

அணைந்த விளக்கைப் பற்றி மண்டபத்தில் பேசிக்கொண்டார்கள். மாப்பிள்ளை வீட்டார் பெருந்தன்மையானவர்கள், ஒரு வார்த்தை சொல்லவில்லை. ஆனால் அம்மா அன்றைக்கு இலையில் கை வைக்கவில்லை.

அதற்குப் பிறகு நடந்தது இன்னும் கேவலம். முதல் நாள், "பசங்க தப்பு பண்ணிட்டாங்க, எடிட்டிங்ல சரி பண்ணிடலாம்." மூன்றாம் நாள், எடிட்டர் ஊருக்குப் போயிருக்கிறார். ஐந்தாம் நாள், கீழே வைத்து எடுத்த கேமராவின் மெமரி கார்டு ஓப்பன் ஆகவில்லை. ஏழாம் நாள், உடைந்த ட்ரோனுக்கு நான் 20,000 தர வேண்டுமாம், பூச்சரம் கட்டியது எங்கள் தப்பாம்! ஆப்பின் உதவி எண்ணில் பேசிய பெண், "நீங்க வெளியில பணம் கட்டியிருக்கீங்க சார், எங்க ரெக்கார்டுல புக்கிங்கே இல்ல" என்றார். அவனுடைய ஐந்து நட்சத்திரம் இன்னும் அப்படியே இருக்கிறது. 38,000 ரூபாய். அப்பாவுக்கு இரண்டு மாத பென்ஷன்.

திருச்சியில் கல்யாண வீடியோ எடுக்கும் நண்பர் ஒருவரிடம் சொல்லி அழுதபோதுதான் முழுதும் புரிந்தது. ஒழுங்காக வேலை செய்பவர்கள் மாப்பிள்ளை அழைப்பு, மண்டபத்தின் முகப்பு, பந்தி, கூட்டம் எல்லாவற்றையும் மேலிருந்து எடுத்துவிட்டு, தாலி கட்டுவதற்குக் கால் மணி நேரம் முன்பே ட்ரோனைக் கீழே இறக்கிப் பையில் வைத்துவிடுவார்களாம். முகூர்த்தம் தரையில் ஸ்டாண்டு போட்ட ஜூம் கேமராவுக்கு. ட்ரோனில் எடுப்பதில் மேளச் சத்தமும் பதிவாகாது என்பதே எனக்கு அன்றைக்குத்தான் தெரியும். இன்னொன்றும் சொன்னார். ஏர்போர்ட் சுற்றுச்சுவரிலிருந்து 8 கிலோமீட்டருக்குள் எவ்வளவு சின்ன ட்ரோனாக இருந்தாலும் அனுமதி வாங்காமல் பறக்கவிடக் கூடாது. 8 முதல் 12 கிலோமீட்டர் வரை, அனுமதி இல்லாமல் 200 அடி உயரம்தான் போகலாம். அரசின் டிஜிட்டல் ஸ்கை இணையதளத்து வரைபடத்தில் யார் வேண்டுமானாலும் பார்க்கலாம். மண்டபம் எங்கே என்று முதல் நாளே அவனிடம் சொல்லியிருந்தேன். தெரிந்தேதான் பணம் வாங்கியிருக்கிறான். பையன்கள் கொண்டுவந்தது 250 கிராமைத் தாண்டியது. அதைக் கூலிக்கு ஓட்ட பைலட் சான்றிதழும் மூன்றாம் நபர் காப்பீடும் வேண்டும். அந்தக் குழந்தை மேல் விழுந்திருந்தால் யாரைப் போய்க் கேட்பது?

ஆள் பேசும்போது என்ன கேட்க வேண்டும் என்று கடைசியில் சொல்கிறேன் என்றேன். இப்போது மனசு ஓடவில்லை, தோன்றியதைச் சொல்கிறேன். ஆப்புக்கு வெளியே ஒரு பைசா அனுப்பாதீர்கள். வீடு வந்து பேசுகிறவனே கல்யாணத்தன்றும் வருவானா, இதே ட்ரோன்தானா என்று எழுதி வாங்குங்கள். முழுப் பணத்தையும் முன்னால் கொடுக்காதீர்கள். தாலி கட்டும்போது ட்ரோன் தரையில் இருக்க வேண்டும், இதில் மட்டும் யார் பேச்சையும் கேட்காதீர்கள்.

நுகர்வோர் உதவி எண் 1915-இல் புகார் கொடுத்துவிட்டேன். திங்கட்கிழமை மாவட்ட நுகர்வோர் ஆணையத்துக்குப் போகிறேன். 5 லட்சம் வரை கட்டணம் இல்லை என்றார்கள். 38,000 ரூபாயை விடப் போவதில்லை.

அன்றைக்கு வந்திருந்த சொந்தக்காரர்கள், நண்பர்கள் யாராவது இதைப் படித்தால், தாலி கட்டுவதைச் செல்போனில் எடுத்திருந்தால் அனுப்புங்கள். ஆடியிருந்தாலும் பரவாயில்லை, யாருடைய தலை மறைத்தாலும் பரவாயில்லை. ட்ரோன் வருவதற்கு முன்னால் வாசித்த நாதஸ்வரம் கொஞ்சமாவது கேட்டால் போதும். அப்பா தினமும் கேட்கிறார்.