மிதி அதிர்ந்தால் காலை எடுக்காதீர்கள்: என் காரின் ஏபிஎஸ் அனுபவம்

ஆறு வருடமாக ஓட்டும் காரில் ஏபிஎஸ் (ஓங்கி பிரேக் பிடித்தாலும் சக்கரம் லாக் ஆகாமல், அதாவது சுழலாமல் இறுகிப்போகாமல், தடுக்கும் அமைப்பு) என்ன செய்கிறது என்று எனக்கு ஒரு மழை நாளில்தான் புரிந்தது. முன்னால் போன வண்டி சட்டென்று நிற்க, நான் பிரேக்கை ஓங்கி மிதித்தேன், காலுக்கடியில் மிதி கடகடவென்று அதிர்ந்தது, ஏதோ உடைந்துவிட்டது என்று பயந்து காலைத் தளர்த்திவிட்டேன். பக்கத்தில் இடம் இருந்ததால் ஒதுங்கித் தப்பித்தேன்.

அந்த அதிர்வு கோளாறு இல்லை. ஒவ்வொரு சக்கரத்தின் வேகத்தையும் ஒரு சென்சார் கவனித்துக்கொண்டே இருக்கிறது. ஏதாவது ஒரு சக்கரத்தின் சுழற்சி மட்டும் திடீரென்று விழுந்தால், அது லாக் ஆகப் போகிறது என்று கண்டுபிடித்து, அந்தச் சக்கரத்துக்குப் போகும் பிரேக் ஆயிலின் அழுத்தத்தை வால்வு குறைக்கிறது. சக்கரம் உருளத் தொடங்கியதும் மறுபடி அழுத்தம் ஏறுகிறது. இது ஒரே நொடிக்குள் பல தடவை நடக்கும். வால்வும் பம்பும் ஆயிலோடு போராடுவதுதான் காலில் தெரிகிறது. 1978-ல் பாஷ் நிறுவனத்தின் மின்னணு ஏபிஎஸ் மெர்சிடிஸ் எஸ் கிளாஸில் வந்தபோதும் அடிப்படை இதுதான்.

அப்புறம் ஆளில்லாத ஈரமான மைதானத்தில் வேண்டுமென்றே முயன்று பார்த்தேன். முழு பலத்தோடு மிதித்தபடியே ஸ்டீயரிங்கைத் திருப்பினேன், வண்டி திரும்பியது! இதற்குத்தான் முழு மதிப்பெண். லாக் ஆன முன்சக்கரத்தை எந்தப் பக்கம் திருப்பினாலும் கார் நேராக வழுக்கிக்கொண்டுதான் போகும்.

குறை என்றால் சரளைக்கல் பாதைதான். அங்கே லாக் ஆன சக்கரம் தனக்கு முன்னால் கல்லைக் குவித்துக்கொண்டு சீக்கிரம் நின்றுவிடும், ஏபிஎஸ் அதை உருளவிடுவதால் நிற்கும் தூரம் கூடுகிறது. தேய்ந்த டயரையும் இதனால் காப்பாற்ற முடியாது, ரோட்டைப் பிடிப்பது டயர்தான்.

போன வருடம் ஏபிஎஸ் விளக்கு எரிந்தது. அப்போதும் சாதாரண பிரேக் வேலை செய்யும், சக்கரம் லாக் ஆகாமல் தடுக்க மட்டும் ஆள் இருக்காது. சிவப்பு பிரேக் விளக்கும் சேர்ந்து எரிந்தால் மேற்கொண்டு ஓட்டவே கூடாது. நான் போன ஒர்க்‌ஷாப்பில் கோளாறு எங்கே என்று காட்டும் ஸ்கேனர்கூட மாட்டிப் பார்க்காமல் மொத்த ஏபிஎஸ் யூனிட்டையும் மாற்றச் சொன்னார்கள். மனசு ஒப்பவில்லை. வேறொரு மெக்கானிக் ஸ்கேன் செய்ததில் இடது பின்சக்கர சென்சார் என்று வந்தது, கழற்றினால் முனை முழுக்கச் சேறும் இரும்புத்தூளும். துடைத்து மாட்டிக் கொஞ்ச தூரம் ஓட்டியதும் விளக்கு அணைந்தது, இன்றுவரை திரும்ப எரியவில்லை.